கத்திரிப் பாத்தியும் கணக்கு நோட்டும்

வேலூர் மாவட்டத்தில் எந்த ஊர்க்காரருக்கும் ஒரு தடவையாவது சத்துவாச்சாரியில் வேலை இருந்திருக்கும். கலெக்டர் ஆபீஸ் அங்கே. ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகம் அங்கே. ஆர்.டி.ஓ. ஆபீஸும் அங்கேதான். திங்கட்கிழமை குறைதீர்வு நாளில் பெங்களூரு நெடுஞ்சாலை ஓரம் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களின் கையைப் பாருங்கள். மஞ்சள் பை, அதற்குள் பட்டா நகல், சிட்டா, போன தடவை கொடுத்த மனுவுக்கான ரசீது. வாயால் சொன்னால் எடுபடாது, காகிதத்தில் காட்ட வேண்டும் என்பதை மாவட்டத்துக்கே கற்றுக்கொடுத்த ஊர் இது.

பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து காட்டும் மாவட்ட அறிவியல் மையமும் இதே சத்துவாச்சாரியில்தான் இருக்கிறது. சான்று கேட்கும் பழக்கமும் அறிவியலும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அதிகம் பார்த்துக்கொள்வதில்லை. இரண்டையும் சேர்த்து உட்கார வைக்கத் தோதான இடம் பள்ளிக்கூடத்துக் காய்கறிப் பாத்தி என்பது என் எண்ணம். அழகுக்காக வைக்கும் குரோட்டன்ஸ் தொட்டிகளையோ, உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று பேனர் கட்டி நட்டு ஜூன் 20-க்குள் ஆடு கடித்துவிடும் வேப்பங்கன்றையோ நான் சொல்லவில்லை. விதைப்பது, அளப்பது, எழுதி வைப்பது என மூன்றும் நடக்கும் பாத்தியைச் சொல்கிறேன். மூன்றில் எழுதி வைப்பதுதான் நம் பள்ளிகளில் நடப்பதே இல்லை.

பாலாற்றங்கரையில் இதற்குத் தனிக் காரணம் இருக்கிறது.

எண்கள் ஜெயித்த வழக்கு

1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் ஷாப்புகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், கழிவு பாலாற்றையும் கிணற்றையும் கெடுக்கிறது என்பது புகார். 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும், கேடு வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக அறிவித்த தீர்ப்பு அது. சட்டக் கல்லூரி மாணவர்கள் நாடு முழுவதும் இன்றும் ‘வேலூர் வழக்கு’ என்று படிக்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

அந்தத் தீர்ப்பில் அனுதாப வரிகள் குறைவு, எண்கள் அதிகம். வேலூரிலிருந்த வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி, தோல் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போயிருந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது. குரோமியம் கொண்டு பதனிடும் குரோம் முறையில் ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் புழங்குகின்றன. இப்படி யாரோ அளந்து எழுதி வைத்ததால்தான் டெல்லியில் வாதம் நின்றது. பிறகு அமைத்த இழப்பீட்டு ஆணையம் 29,193 குடும்பங்களைப் பாதிக்கப்பட்டவர்களாகக் கண்டு, சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. வகுத்துப் பாருங்கள், குடும்பத்துக்கு 9,200 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஒரு தலைமுறையின் நிலத்துக்கு இது விலையா என்று கேட்பது நியாயம்தான். வழக்கின் நூல் இன்னும் அறுபடவில்லை. 2025 ஜனவரி 30 அன்றும் இதே பாலாற்று விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

1996 தீர்ப்பில் நீதிபதிகள் பெயர் சொல்லிப் பாராட்டிய வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. அவர் தொடர்ந்த இன்னொரு வழக்கில்தான் 1991-லும் மறுபடி 2003 டிசம்பரிலும் சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயமாக்கச் சொன்னது நீதிமன்றம். உத்தரவு வந்தது, பாடப்புத்தகத்தில் அத்தியாயமும் வந்தது. ‘நீர் மாசுபாட்டின் விளைவுகள் யாவை?’ என்ற ஐந்து மதிப்பெண் கேள்விக்கு, பாலாற்றை ஒரு தடவை கூட எட்டிப் பார்க்காத பிள்ளையும் ஐந்துக்கு ஐந்து வாங்குகிறது.

ஒரு கிராம் உப்பு

பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவுவார்கள். ஷாப்புக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்து அலசுவது. அந்த உப்புத் தண்ணீர் ஆண்டுக்கணக்கில் நிலத்தில் இறங்கியதே இந்தப் பகுதியின் பெரிய கதை. குரோமியம் பயமுறுத்தும் பெயர். தென்னையையும் நெல்லையும் வேலையைக் காட்டிப் பயமுறுத்தியதில் உப்புக்கும் பெரிய பங்கு உண்டு. உப்பின் அந்த வேலையை எட்டாம் வகுப்புப் பையன் தன் கையால் செய்து பார்த்துவிடலாம்.

நான்கு வரிசை பால் கவர்களில் ஒரே மண். ஒவ்வொரு கவரிலும் மூன்று பீன்ஸ் விதை. லிட்டருக்கு ஒரு கிராம், மூன்று கிராம், ஆறு கிராம் என்று கல்லுப்பைக் கரைத்த மூன்று பாட்டில்கள், நான்காவதில் வெறும் தண்ணீர். ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் என்றால், வீட்டுக்கு வாட்டர் கேன் போடுகிறவரும் ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவரும் சொல்லும் ‘டிடிஎஸ்’ (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு மில்லிகிராமில்) ஆயிரம் கூடியதாகப் பொருள். குடிநீருக்கு இந்தியத் தரம் 500. வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. தோல் ஷாப் கழிவுநீரில் 2,100-க்கு மேல் போகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்த வரம்பு. பேனா மாதிரி இருக்கும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்தான்.

காய்கறிகளில் உப்பைத் துளியும் தாங்காதது பீன்ஸ். ஆறு கிராம் வரிசையில் பெரும்பாலும் விதை மண்ணுக்குள்ளேயே இருந்துவிடும். மூன்று கிராம் வரிசையில் முளைத்தது, இலை ஓரம் தீய்ந்தாற்போலச் சுருளும். பக்கத்தில் இதே நான்கு தண்ணீரையும் காராமணிக்கு விட்டால் அது இன்னும் கொஞ்ச தூரம் தாக்குப்பிடிக்கும். மண் ஈரமாகத்தான் இருக்கிறது, செடி ஏன் தாகத்தில் வாடுகிறது? இந்தக் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்தே வந்த பிறகு, சவ்வூடு பரவலைக் கரும்பலகையில் எழுதினால் போதும். உருளைக்கிழங்கைக் குடைந்து சர்க்கரை போடும் வழக்கமான சோதனையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த வட்டாரத்தில் அந்தப் பாடத்துக்கு ஒரு முகவரி இருக்கிறது. வாணியம்பாடிப் பக்கத்துத் தாத்தா எவராவது, கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சிய வயல் காய்ந்ததும் வெள்ளையாக உவர் பூத்ததைப் பார்த்திருப்பார். பாத்தியில் முளைத்த கேள்வியை வீட்டுக்கு எடுத்துப்போய் அவரிடம் கேட்கலாம்.

மீட்டர் கைக்கு வந்துவிட்டால் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள். பள்ளி போர் தண்ணீர், குழாயில் வரும் காவிரித் தண்ணீர், கேன் தண்ணீர், ஆர்.ஓ. மெஷின் கழித்து வெளியே தள்ளும் தண்ணீர் என எல்லாவற்றிலும் முக்கிப் பார்ப்பார்கள். கடைசியாகச் சொன்னதைச் செடிக்கு ஊற்றுவதுதான் சிக்கனம் என்று பல வீடுகளில் நினைக்கிறோம். அளந்துவிட்டு ஊற்றலாமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. உப்பைப் பள்ளியில் அளக்கலாம், குரோமியத்தை முடியாது. சத்துவாச்சாரி தோல் ஷாப் ஊர் இல்லை. ஆனால் கிழக்கே ராணிப்பேட்டை சிப்காட்டில், மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று விட்டுப்போன கழிவு மட்டும் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். அப்படிப்பட்ட இடங்களுக்கு அருகில் இருக்கும் பள்ளிகளும், ஆம்பூர், வாணியம்பாடியில் ஷாப்புக்குப் பக்கத்துப் பள்ளிகளும், மண்ணையும் தண்ணீரையும் ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்காமல் கீரை விதைத்து அதைச் சத்துணவில் போடக் கூடாது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. எங்கே, எப்படிச் சோதிப்பது என்று கேட்க அங்கிருந்தே தொடங்கலாம். மண் மாதிரியை எப்படி எடுப்பது, ஒரு வயலில் ஏன் ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது, எங்கெங்கே எடுத்துக் கலக்க வேண்டும் என்பதுகூட முழு வகுப்புக்கு ஒரு பாடவேளை வரும்.

இசைக்கவையும் முள்ளுக்கத்திரியும்

அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பில் முள், தண்டில் முள், பறிக்கும்போது விரலைப் பதம் பார்க்கும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளப் புளிப்பும் காரமுமாக வைக்கும் கத்திரிக்காயை நினைத்தாலே நாக்கு ஊறும் ஊர் நம்முடையது. பள்ளியில் ஒரே ஒரு பயிர்தான் வைக்க இடமிருக்கிறது என்றால் நான் கத்திரியைத்தான் சொல்வேன்.

பள்ளி அறிவியல் அலமாரியில் இசைக்கவை ஒன்று தூசி படிந்து கிடக்கும். ஒலி அதிர்வு பாடத்தன்று ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே பிடித்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவார்கள். காலை வெயில் ஏறியதும் அதைக் கத்திரிச் செடிக்குக் கொண்டுபோங்கள். விரிந்த ஊதாப் பூவின் அடியில் கறுப்புத் தாள் ஒன்றைப் பிடித்து, தட்டிய இசைக்கவையைப் பூவின் அடிப்புறம் மெல்லத் தொடுங்கள். மஞ்சள் தூள் தாளில் கொட்டும். கத்திரியின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போல வெடித்துத் திறப்பதில்லை. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. குலுக்கினால்தான் உள்ளே இருப்பது வரும். கறுப்பாக, பெரிதாக, மரத்தில் ஓட்டை போட்டுக் குடியிருக்கும் தச்சுத் தேனீ பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். நாம் தேனுக்கு வளர்க்கும் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. இயற்பியலும் உயிரியலும் ஒரே பூவில் சந்திக்கும் இடம் இது. செலவு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வண்டைக் கண்டால் செருப்பை எடுக்கும் கை அதன் பிறகு கொஞ்சம் யோசிக்கும்.

அதே செடியில் குருத்து திடீரெனத் தலை தொங்கும். கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பில் ஒரு புழு. கத்திரி விவசாயியின் முதல் எதிரி இந்தக் குருத்து, காய்ப்புழுதான். சந்தைக்கு வரும் கத்திரியில் இவ்வளவு மருந்து ஏறுவதும் இதனால்தான். இதற்கென்றே உருவாக்கிய மரபணு மாற்றக் கத்திரிக்கு 2010 பிப்ரவரியில் மத்திய அரசு தடை போட்டது நினைவிருக்கலாம். வாரம் ஒரு நாள் மொத்தக் குருத்து எத்தனை, தொங்கியது எத்தனை என்று எண்ணி எழுதினால் சதவீதக் கணக்கு தானாக வந்துவிடும். நான்கு வாரம் எழுதினால் வரைபடம். ஒரு பாத்தியில் தொங்கிய குருத்தைக் கிள்ளி அழித்து, இன்னொன்றை விட்டுவைத்து ஒப்பிட்டால் அது பரிசோதனை. மருந்தடிப்பதா வேண்டாமா என்று மேடையில் பேசுவதை விட இந்த வரைபடம் நேர்மையானது.

கத்திரிக்கு அடுத்தபடியாக நான் வேலியோரம் வைக்கச் சொல்வது ஆவாரை. குரோம் வருவதற்கு முன் இந்த வட்டாரத்துத் தோல் ஆவாரம்பட்டையில்தான் பதமானது. 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்துப் பரப்பினார். 1970-களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு அரசு கடிவாளம் போட்டது. முழுதாகப் பதனிட்டு விற்றால் நாட்டுக்கு லாபம் என்பது கணக்கு. பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமில் ஓரிரு நாளில் முடியும். பாலாறு அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தது.

ஆவாரங்கிளையின் பட்டையைக் கொஞ்சம் சீவிக் கொதிக்கவையுங்கள். நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய்ப் பொடியிலும் இதைச் செய்யலாம். ஆறிய சாற்றில் துருப்பிடித்த ஆணியைப் போட்டால் சற்று நேரத்தில் கறுத்து மையாகும். இன்னொரு குவளையில் ஜெலட்டினைக் கரைத்து அதில் அந்தச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தெளிவாக இருந்தது குழம்பி, திரிந்து, பசை போல அடியில் படியும். ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஷாப்பில் தொட்டிக்குள் தோலுக்கு நடப்பதன் சாரம் இதுவே: துவர்ப்புச் சத்து புரதத்தைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. அப்பா ஷூ கம்பெனியிலும் அம்மா மேல்தோல் தைக்கும் யூனிட்டிலும் வேலை பார்க்கும் பிள்ளை, வீட்டுக்குச் சோறு போடும் தொழிலின் வேதியியலைப் புத்தகத்தில் பார்க்காமலே பத்தாம் வகுப்பை முடிப்பது எனக்கு உறுத்துகிறது.

சத்துணவுக்குக் காய் கிடைக்குமா?

மத்திய அரசு 2019-ல் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. அன்றிலிருந்து பள்ளித் தோட்டம் என்றாலே ‘சத்துணவுக்குக் காய்’ என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கணக்குப் போடுவோம். மத்திய அளவுகோல்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 50 கிராம் காய். 300 பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கு 15 கிலோ. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் கத்திரி வைத்து, நல்ல விவசாயி எடுக்கும் மகசூலை அப்படியே எடுத்தாலும் ஐந்து மாதத்தில் 250 கிலோ. பதினாறு, பதினேழு நாள் சாம்பாருக்கு வரும். சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பகுதியில் ஒரு பள்ளிக்கு நூறு சதுர மீட்டர் மண் தரை கிடைத்தால் அதுவே அதிர்ஷ்டம்.

ஆகவே கறிவேப்பிலை, முருங்கை, சிறுகீரை வையுங்கள், சமையலம்மா சந்தோஷப்படுவார். இருபத்தைந்து நாளில் அறுக்கலாம் என்பதால் மூன்றாம் வகுப்பின் பொறுமைக்குச் சிறுகீரைதான் சரி. ஆனால் கிலோவில் கணக்குக் கேட்காதீர்கள். கேட்டால் என்ன ஆகும் என்று அரசு ஊழியர் எவருக்கும் தெரியும்: படிவத்தில் கிலோ விளையும், பாத்தியில் விளையாது.

சின்ன இடம் என்பது அறிவியலுக்குக் குறையே இல்லை. பத்தாம் வகுப்பில் மரபியல் என்று படிக்கும் அத்தனையும் புருனோ நகரின் மடாலயத்தில், சுமார் 35 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு துண்டு நிலத்தில் தொடங்கியது. அங்கே பட்டாணி நட்டு எட்டு ஆண்டு எண்ணிக்கொண்டிருந்த மெண்டல், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாத ஒரு வாத்தியார். மண்ணே இல்லாத பள்ளிக்கும் வழி உண்டு. ‘சீசன்வாட்ச்’ என்ற திட்டத்தில் கேரளப் பள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, வாரம் ஒரு முறை ஒரே மரத்தைப் பார்த்து, தளிர், பூ, காய் எந்த நிலை என்று குறித்துவருகின்றன. வாசலில் ஒரு புங்கமோ கொன்றையோ இருந்தால் சத்துவாச்சாரிப் பள்ளியும் இதைச் செய்யலாம். நெடுஞ்சாலைப் பக்கத்து இலையிலும் உள் தெரு இலையிலும் செலோடேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் பதித்தால், எந்தப் பக்கம் எவ்வளவு தூசி என்பது கண்ணுக்கே தெரியும்.

மண்வெட்டி யார் கையில்?

‘படிக்க அனுப்பினேனா, மண்ணு வெட்ட அனுப்பினேனா?’ என்று ஒரு தாய் கேட்டால், அவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் அந்தக் கேள்விக்கு வரலாறு உண்டு.

பள்ளித் தோட்டம் நமக்குப் புதிதல்ல. இலங்கையில் 1901-லேயே, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜே.சி. வில்லிஸ் முயற்சியில் அரசுப் பள்ளிகளில் தோட்டம் போட்டார்கள். 1937-ல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழிலோடு விவசாயமும் பாடத்தின் நடுவில் இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆதாரப் பள்ளிகள் வந்தன. பிறகு 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம். அரை நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில். குலக்கல்வி என்று பெயர் விழுந்தது, கொந்தளிப்பு எழுந்தது, 1954-ல் காமராஜர் அதைக் கைவிட்டார். சரியாகத்தான் கைவிட்டார். தோலைத் தொடுகிற வேலையோடு சாதியையும் சேர்த்துக் கட்டிவைத்த பகுதியில், பிள்ளையின் கையில் எந்தக் கருவியைக் கொடுக்கிறோம் என்பது சாதாரண விஷயம் இல்லை. கழிவறை கழுவவும் வளாகம் பெருக்கவும் எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்ற செய்தி இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

அதனால் தோட்டத்துக்கு நான் கேட்கும் ஒரே நிபந்தனை: மண்வெட்டி பிடித்த கையே மறுநாள் நோட்டையும் பிடிக்க வேண்டும். சிலர் எப்போதும் தண்ணீர் தூக்க, சிலர் எப்போதும் எண் எழுத என்று பிரிந்தால் அந்தத் தோட்டத்தை மூடிவிடலாம். பெண் பிள்ளைகள் கோலத்துக்கும் பையன்கள் குழிக்கும் என்றாலும் அப்படித்தான். தண்டனையாகத் தோட்ட வேலை கொடுப்பது கூடவே கூடாது. தாமதமாக வந்தவனைக் களை பிடுங்கச் சொன்னால், அவனுக்குக் களை ஆயுளுக்கும் எதிரி. திருவண்ணாமலை அருகே 2009-ல் தொடங்கிய மருதம் பண்ணைப் பள்ளியில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து மண்ணில் இறங்குகிறார்கள், மலைக்கும் மரம் நடப் போகிறார்கள். அது சிறிய மாற்றுப் பள்ளி. அரசுப் பள்ளி அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆசிரியரும் சேர்ந்து இறங்குவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு நிதி தேவையில்லை.

மே மாதம்

பள்ளித் தோட்டங்கள் சாகும் மாதம் மே. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரருக்குக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி பூட்டியிருக்கும், போர் மோட்டார் ஓடாது. ஜூனில் திறந்து பார்த்தால் சருகு. அடுத்த ஆண்டு யாருக்கும் மனசு வராது. இதைத் தடுக்க வாட்ச்மேனிடம் கெஞ்சுவதை விட, ஏப்ரலோடு முடிகிற மாதிரி பயிரைத் திட்டமிடுவது புத்திசாலித்தனம். ஜூன் கடைசியில் நாற்றுவிட்டு ஜூலை கடைசியில் நட்ட கத்திரி, அரையாண்டுத் தேர்வு வரை காய்க்கும். ஜனவரியில் கீரை, காராமணி. ஏப்ரலில் நிலத்துக்கும் லீவு. நல்ல செடியில் இரண்டு மூன்று காயைப் பறிக்காமல் மஞ்சளாகப் பழுக்கவிட்டு, விதையை அலசி நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து புட்டியில் போட்டு, எந்தச் செடி, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டிவிட்டால், அடுத்த வகுப்புக்கு விதைக்காக யாரிடமும் கையேந்த வேண்டாம்.

மேயில் இன்னொன்றும் நடக்கும்: இடமாறுதல் கலந்தாய்வு. ஆர்வமுள்ள ஒரு அறிவியல் ஆசிரியரை நம்பி வளர்ந்த தோட்டம், அவர் குடியாத்தத்துக்கோ காட்பாடிக்கோ மாறுதல் வாங்கியதும் முடிந்துபோகும். தோட்டம் போனால் மறுபடி போடலாம். டிடிஎஸ் எண்கள், குருத்துக் கணக்கு, மழைமானியில் பிடித்த மழை, எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு என்ற குறிப்பு எல்லாம் இருந்த நோட்டு அவருடனே போய்விடுவதுதான் இழப்பு. பல பள்ளிகள் பத்து ஆண்டு இப்படி எழுதியிருந்தால், பாலாற்றுப் படுகையின் தண்ணீர் பற்றிப் பேச நிபுணர் குழு வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

இதற்குப் பெரிய திட்டம் ஏதும் தேவையில்லை. வருகைப் பதிவேடு, ஸ்டாக் ரிஜிஸ்டர் போல இதையும் பக்க எண் போட்டு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு பள்ளிப் பீரோவில் வைக்கும் பதிவேடாக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் எத்தனை செடி என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கடைசியாக எந்தத் தேதியில், எந்த வகுப்புப் பிள்ளையின் கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.